முதல் பெடல்கள்: பட்டறை நாட்குறிப்பு

பிப்ரவரி 4, 2024

இன்று மேசைக்கு வந்த பெடல்கள் நான்கு; கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்துக் காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெட்டிகள். பாஸ் டி.எஸ்.-1, ஆரஞ்சு. ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் 9, பச்சை. எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90, அதுவும் ஆரஞ்சு, ஒரே ஒரு நாப். கடைசியாக, ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய பெடலின் சுற்றைப் பார்த்து யாரோ கையால் கட்டிய வட்ட டப்பா ஒன்று. நான்குமே ஒவ்வொருவருடைய முதல் பெடல். நான்கிலும் ஒட்டியிருந்த சீட்டில் ஏறக்குறைய ஒரே வாசகம்: அப்போது கேட்ட மாதிரியே கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்டால் பலரும் முதலில் கைவைப்பது சிக்னலைப் பெருக்கும் சில்லான ஐசியில்தான். பழைய ஐசியைத் தேடிப் பிடித்துப் போட்டால் பழைய சத்தம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. பேட்டரி ஸ்னாப் (பேட்டரியின் தலையில் மாட்டும் முனை), ஜாக் (ஒயர் செருகும் துளை), கால் சுவிட்ச், வால்யூம் பாட் (நாப்புக்குக் கீழே இருக்கும் மாறும் ரெசிஸ்டர்), அதற்குப் பிறகு கெபாசிட்டர், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஐசி. இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் ஐசி வரை போகவே வேண்டியிருக்காது. கழற்றியதைத் திரும்பப் பழையபடி வைப்பது கடினம். அதனால் எதைத் தொடாமல் விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

பிப்ரவரி 5

டி.எஸ்.-1. 1978இல் ஜப்பானில் வந்தது, இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. கர்ட் கோபெய்ன், ஸ்டீவ் வாய், ஜோ சாட்ரியானி என்று பெரிய பெயர்கள் இதை மிதித்திருக்கின்றன. ஆனால் இதன் உண்மையான புகழ் வேறு இடத்தில் இருக்கிறது. உலகெங்கும் எத்தனையோ பேருக்கு, சுத்தமான கிட்டார் முதல்முறை உறுமியது இந்த ஆரஞ்சுப் பெட்டி வழியாகத்தான்.

முன்பக்கத்தில் கைவிரலால் திருகும் அந்தக் கறுப்புத் திருகு. அதைத் தளர்த்தினால் மிதிதகடு மேலே தூக்கிக்கொள்ளும், உள்ளே பேட்டரி. ஸ்க்ரூடிரைவரே தேவையில்லை. மேடையில் இருட்டில்கூட மாற்றலாம். இவ்வளவு யோசித்துச் செய்த பேட்டரி அறை வேறு எந்தப் பெடலிலும் கிடையாது என்பது என் கருத்து.

இந்தப் பெடலில் அந்த அறைதான் சேதமாகியிருக்கிறது. பேட்டரி உள்ளேயே கசிந்து, ஸ்னாப்பைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொடி. துடைக்கும் முன் பேட்டரி எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஆல்கலைன் கசிவு காரம், அதற்கு வினிகர். பழைய கார்பன்-ஜிங்க் கசிவு அமிலம், அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். மாற்றித் தொட்டால் பொடி போவதுபோல் தெரியும், அரிப்பு நிற்காது. பஞ்சுக் குச்சியில் ஒரு துளிக்கு மேல் வேண்டாம். நுரை அடங்கும் வரை தொட்டு, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரண்டு முறை.

ஸ்னாப்பைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படக் கூடாது. சிவப்பு ஒயரின் பிளாஸ்டிக்கை அரை அங்குலம் உரித்தேன். உள்ளே செம்பு முழுக்கக் கறுப்பு. கசிவு ஒயருக்குள்ளேயே ஏறிப் போயிருக்கிறது. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. போர்டு வரை ஒயரைக் கழற்றிப் புதிய ஸ்னாப் போட்டாயிற்று.

பிப்ரவரி 7

போர்டில் ஈயம் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய போர்டுகளில் செம்பு ஒரு பக்கம் மட்டும்தான், பசையும் வயதாகித் தளர்ந்திருக்கும். சால்டரிங் அயர்ன் 330 டிகிரி, ஒரு இணைப்புக்கு மூன்று விநாடி. அதற்குள் உருகவில்லை என்றால் அழுத்தக் கூடாது. கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, ஆறவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அழுத்தினால் செம்பு வட்டம் பிய்ந்து அயர்ன் முனையோடு வந்துவிடும். 60/40 ஈயக் கம்பியே போதும்.

உள்ளீட்டு ஜாக் ஸ்டீரியோ வகை. கிட்டார் ஒயரைச் செருகும்போது பேட்டரியின் கறுப்பு ஒயர் அந்த ஜாக் வழியாகத்தான் கிரவுண்டை (சுற்றின் பொது இணைப்பை) தொடுகிறது. அதாவது ஒயர் செருகியிருந்தாலே பெடல் ஓடுகிறது, விளக்கு எரியாவிட்டாலும். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் பதில். இங்கே சிக்கல் நேர்மாறு: ஜாக்கின் நடுத் தகடு தளர்ந்து, ஒயரை ஆட்டினால் பெடல் செத்துச் செத்துப் பிழைக்கிறது. தகட்டை மெல்லிய இடுக்கியால் அரை மில்லிமீட்டர் உள்ளே வளைத்ததும் சரியாயிற்று. ஜாக்கை மாற்றவில்லை.

பிப்ரவரி 8

அடாப்டர் புதிர். பேட்டரியில் நன்றாக ஓடும் பெடல், புதிய 9 வோல்ட் அடாப்டரில் மங்குகிறது. சிவப்பு விளக்கு கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது, சத்தமும் இளைத்துவிட்டது. பெடல் கெட்டுவிட்டது என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். கெடவில்லை.

பழைய பாஸ் பெடல்களுக்கான ஏ.சி.ஏ. அடாப்டர் சீர்படுத்தப்படாதது. மேலே 9 என்று எழுதியிருந்தாலும், சின்னச் சுமையில் 12 வோல்ட்டைத் தாண்டித் தரும். அதைக் குறைக்கப் பெடலுக்குள் கிரவுண்டுப் பாதையில் ஒரு 470 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டையோடும் வைத்தார்கள். டி.எஸ்.-1 ஏறக்குறைய 4 மில்லி ஆம்ப் இழுக்கும். 470 ஓமில் 1.9 வோல்ட், டையோடில் 0.6. சரியாக 9 தரும் இன்றைய அடாப்டரை மாட்டினால் போர்டுக்குப் போவது ஆறரைதான்.

வழி மூன்று. பேட்டரி போடுவது. அல்லது ஒரே அடாப்டரிலிருந்து கிளை ஒயர் இழுத்துப் புதுவகைப் பெடல் ஒன்றோடு சேர்த்து ஓட்டுவது. இரண்டு பெடலையும் இணைக்கும் ஆடியோ ஒயரின் கிரவுண்டு அந்த ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், விளக்கு உடனே பளிச்சென்று எரியும். மூன்றாவது, ரெசிஸ்டரையும் டையோடையும் ஒரு துண்டு ஒயரால் குறுக்கே இணைப்பது. அப்படிச் செய்தால் பழைய அடாப்டரை அந்தப் பெடலில் இனி மாட்டவே கூடாது. இந்தப் பெடலுக்கு மூன்றாவது வழி கேட்டிருந்தார்கள். குறுக்கு ஒயர் போட்டு, ஜாக்கின் மேல் ‘சீரான 9 வோல்ட் மட்டும்’ என்று சீட்டு ஒட்டியாயிற்று.

பிப்ரவரி 11

மூன்று நாப்பும் கரகரக்கின்றன. காண்டாக்ட் கிளீனரைப் பாட்டின் கால்களுக்கு மேலே உள்ள இடுக்கு வழியாக அரை விநாடி அடித்து, முழுச் சுற்று முப்பது முறை. வீட்டில் கதவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். இன்று கரகரப்பு போகும், சில மாதத்தில் தூசி சேர்ந்து மறுபடி வரும்.

சுத்தம் செய்த பிறகும் லெவல் பாட் மட்டும் கரகரத்தது. இங்கேதான் புதுப் பாட் வாங்கிப் போட்டுத் தோற்றுப்போவார்கள். மல்டிமீட்டரை மில்லி வோல்ட் டிசியில் வைத்து, பாட்டின் இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே அளக்க வேண்டும். சுழியமாக இருந்தால் பாட் தேய்மானம். இங்கே 40 மில்லி வோல்ட் நின்றது. அப்படியென்றால் அதற்கு முன்னால் இருக்கும் இணைப்புக் கெபாசிட்டர் ஒன்று டிசியைக் கசிய விடுகிறது. அதே மதிப்பில் மாற்றியதும் சுழியம், கரகரப்பும் நின்றது. பாட் பழையதேதான்.

பிப்ரவரி 12

ஐசியைப் பற்றி இன்று எழுதிவிடுகிறேன். பழைய டி.எஸ்.-1இல் இருப்பது தோஷிபா டி.ஏ.7136ஏ.பி. ஏழு கால், ஒரே வரிசையில் நிற்கும். 1990களில் அது மாறி வேறு ஐசிகள் வந்தன. பழையதுக்கு விலை ஏறியதற்கு அதுதான் காரணம். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சுற்றில் ஐசிக்கு முன்னாலேயே ஒரு டிரான்சிஸ்டர் சிக்னலை ஏறக்குறைய 35 டெசிபெல் தூக்கிவிடுகிறது. முரட்டுத்தனம் தொடங்குவது அங்கே. ஐசி இன்னும் தூக்குகிறது. பிறகு இரண்டு டையோடு, கிரவுண்டை நோக்கி எதிரெதிராக நின்று, அலையின் தலையையும் காலையும் வெட்டுகின்றன. அதற்கும் பிறகு டோன்: ஒரு பக்கம் கீழ்ச் சுரங்கள், மறுபக்கம் மேல்ச் சுரங்கள், நடுவில் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். டி.எஸ்.-1 என்றதும் காதில் வருவது அந்தப் பள்ளம்தான். டோன் நாப்பைக் கடிகார முள்ளாகப் பார்த்து 12 மணிக்கு மேல் வைத்தால் கொசு ரீங்காரம். 9க்கும் 10க்கும் நடுவே வைத்தால் அது கிட்டார்.

இந்தப் பெடலின் ஐசி வெளிக்காலில் 4.5 வோல்ட், மின்வழங்கலில் சரிபாதி. நலமாக இருக்கிறது. தொடவில்லை.

பிப்ரவரி 20

டியூப் ஸ்கிரீமர் 9க்கு அதிக நேரம் ஆகவில்லை. ஜாக் சுத்தம், பாட் சுத்தம். ‘808 ஆக்கித் தரவும்’ என்று ஒரு குறிப்பும் கூட வந்தது. 1979இல் வந்த டியூப் ஸ்கிரீமர் 808க்கும் 1982இல் வந்த 9க்கும் சுற்றில் பெரிய வேறுபாடு வெளியேறும் இடத்து இரண்டு ரெசிஸ்டர்கள்: 808இல் 100 ஓமும் 10 கிலோ ஓமும், 9இல் 470 ஓமும் 100 கிலோ ஓமும். மாற்றப் பத்து நிமிடம். காதுக்கு வேறுபாடு நூலிழை. இங்கே டையோடுகள் ஆப்-ஆம்ப் எனும் பெருக்கி ஐசியின் பின்னூட்டப் பாதைக்குள் (வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பும் வழி) இருப்பதால் வெட்டு மழுங்கலாக விழுகிறது, டி.எஸ்.-1 போலக் கூர்மையாக அல்ல. கழற்றிய ரெசிஸ்டர்களைக் காகிதத்தில் மடித்துப் பேட்டரி அறையில் வைத்தாயிற்று, நாளை மனம் மாறினால் உதவும்.

மார்ச் 3

ஃபேஸ் 90, சத்தத்தைச் சுழல்வதுபோல் கேட்க வைக்கும் பெடல். சத்தம் உள்ளே போகிறது, வெளியே வருகிறது, சுழலவில்லை. நான்கு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர்களும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துப் போடப்பட்டவை. ஒன்று போனால் கடையில் வாங்கிய ஏதோ ஒன்றை அங்கே வைக்க முடியாது. நல்லவேளை, எதுவும் போகவில்லை. உள்ளே இருக்கும் ஒரே பிரீசெட்டை, அதாவது ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்னப் பாட்டை, யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். ஸ்பீடு நாப்பை நடுவில் வைத்து, ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்களை) ஒலிக்க விட்டபடி பிரீசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். சுழற்சி ஒரு சின்ன இடத்தில்தான் பிறக்கும். இரு ஓரத்திலும் அது எங்கே சாகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, நடுவில் நிறுத்தினால் போதும். அந்தச் சுழற்சி திரும்பி வந்த நொடி அவ்வளவு அழகு, கார்டு மூச்சுவிடுவதுபோல.

ஏப்ரல் 14

ஃபஸ் ஃபேஸ். அசல் 1966இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் வட்ட அடிப்பாகத்தைப் பார்த்து வந்த வடிவம். உள்ளே மொத்தம் 11 பாகங்கள்: இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர் (33 கிலோ, 8.2 கிலோ, 470 ஓம், 100 கிலோ), மூன்று கெபாசிட்டர், இரண்டு பாட். இவ்வளவு சின்னச் சுற்றை வைத்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் செய்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

புகார்: காலையில் நன்றாக இருக்கிறது, மதியத்தில் சுரம் அறுந்து அறுந்து விழுகிறது. சென்னைச் சித்திரையில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் சூட்டோடு வேகமாக ஏறும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு.

டிரான்சிஸ்டர்களைக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்தேன். மூன்று கால்கள்: எமிட்டர், பேஸ், கலெக்டர். எமிட்டர் பேட்டரியின் பிளஸ்ஸில், கலெக்டரிலிருந்து 2.47 கிலோ ஓம் வழியாக மைனஸுக்கு. பேஸ் எதையும் தொடாதபோது அந்த ரெசிஸ்டரில் நிற்கும் வோல்ட் முழுக்கக் கசிவு. அடுத்து பேஸை 2.2 மெகா ஓம் வழியாக மைனஸுக்குக் கொடுத்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டின் வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் உண்மையான கெயின், அதாவது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அளவு. முதல் டிரான்சிஸ்டர்: 0.35, பிறகு 1.13. கெயின் 78, முதல் இடத்துக்குப் பொருத்தம். இரண்டாவது: 0.90, பிறகு 2.05. கெயின் 115 என்றாலும் கசிவு அதிகம். சாதா மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் துளையில் செருகியிருந்தால் கசிவையும் சேர்த்து 200 என்று காட்டி ஏமாற்றியிருக்கும். விரலால் பிடித்துச் செருகியதும் ஒரு நிமிடம் ஆறவிட வேண்டும். விரல் சூடே அளவை மாற்றும்.

ஏப்ரல் 16

இரண்டாவதை மட்டும் கசிவு குறைந்த ஒன்றாக மாற்றி, 8.2 கிலோ இருந்த இடத்தில் 20 கிலோ பிரீசெட் வைத்தாயிற்று. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருப்ப வேண்டும். பெடல் எந்த நேரத்தில் வாசிக்கப்படுமோ அந்த நேரத்துச் சூட்டில் செய்வது முக்கியம். ஏ.சி. அறையில் சரிசெய்து திறந்த மேடைக்கு அனுப்பினால் அதே புகார் திரும்பும்.

இது பிளஸ் கிரவுண்டு பெடல்: இதில் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டு, மற்றவற்றில் மைனஸ். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கிளை ஒயர் போட்டால் அடாப்டர் ஷார்ட் ஆகும். பேட்டரி மட்டுமே. ஒரு மில்லி ஆம்புக்கும் குறைவாக இழுப்பதால் மாதக்கணக்கில் வரும்.

ஏப்ரல் 17

செத்துக்கொண்டிருக்கும் கார்பன்-ஜிங்க் பேட்டரியில்தான் ஃபஸ் இனிக்கும் என்ற பேச்சு உண்மையா என்று பார்த்தேன். பேட்டரியின் உள் தடையே காரணம் என்பார்கள். நூறு ஓம் தொடரில் வைத்தேன். இவ்வளவு சின்ன மின்னோட்டத்தில் 0.1 வோல்ட்கூடக் குறையவில்லை, காதுக்கு எதுவும் தெரியவில்லை. வோல்ட்டை 7.6க்கு இறக்கினேன். உடனே சுரத்தின் முனை மழுங்கி, வால் சுருங்கியது. ஆக வேலை செய்வது குறைந்த வோல்ட். புதுப் பேட்டரியில் 9.4 நிற்கும்போது அந்தப் பழைய சத்தம் வராததில் வியப்பில்லை.

ஏப்ரல் 19

நான்கையும் வரிசையில் மாட்டினேன். ஃபஸ் ஃபேஸ் கிட்டாருக்கு அடுத்ததாக, நடுவில் எதுவும் இல்லாமல். டி.எஸ்.-1ஐ அணைத்து வைத்து முன்னால் போட்டாலும் கெடுத்துவிடும். அதன் பஃபர் (சிக்னலைத் தாங்கித் தரும் சின்னச் சுற்று) அணைந்த நிலையிலும் சிக்னலில் இருக்கிறது, கிட்டார் வால்யூமை 7க்குக் குறைத்தால் ஃபஸ் தெளிந்துவரும் அந்த அழகு போய்விடும். பிறகு டியூப் ஸ்கிரீமர், டி.எஸ்.-1, ஃபேஸ் 90. கிட்டார் ஒயர் ஆறு மீட்டர், மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோ ஃபாரட். மூன்று மீட்டர் ஒயருக்கு மாற்றியதும் மேல்ச் சுரம் கூடுதலாகக் குத்தியது. மறுபடி ஆறு மீட்டரையே மாட்டினேன். எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட சின்னப் பயிற்சி ஆம்ப், பாஸ் 6, டிரெபிள் 4. டி.எஸ்.-1இல் டிஸ்ட் (முரட்டுத்தனத்தின் அளவு) முழுக்க, டோன் 9.30, லெவல் 12 மணி.

டி.எஸ்.-1இன் மிதிதகட்டு ரப்பரின் ஒரு மூலை மட்டும் இன்னும் எழும்புகிறது. பழைய பசையைச் சுரண்டி, ரப்பர் பசை இருபக்கமும் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு ஒட்டி, மேலே இரண்டு கிலோ எடைக்கல் வைத்திருக்கிறேன். நாளை காலை வரை எடுக்க வேண்டாம். பேட்டரிகளைக் கழற்றியாயிற்று.