சாப்பாட்டு டப்பாவத் திறக்க நேரமில்ல

ராமேஸ்வரத்துல ஒரு சங்கு கடையில ரெண்டு வருசம் சேல்ஸ்ல இருந்தேன். ஆடி அமாவாசை வந்துட்டா காலைல ஆறு மணிக்கே அக்னி தீர்த்தத்துல குளிச்சுட்டு ஈரத்தோட கூட்டம் கடைக்குள்ள வந்துரும், அதுக்கப்புறம் நின்ன கால் நின்னபடிதான், அம்மா கட்டிக் குடுத்த சோறும் நகரை மீன் கொழம்பும் மூணு மணிக்குத் திறந்தா புளிச்ச வாடை அடிக்கும். ஒருநாள் ரெண்டு வாய் வச்சதுமே "ஏம்மா, வந்து பில்லப் போடு"ன்னு மொதலாளி கூப்ட்டாரு, சோத்துக் கையக் கழுவிட்டு ஓடுனேன், திரும்பி வந்து பாத்தா டப்பா பூரா எறும்பு. அன்னைக்கு அழுதுட்டேன்.

நம்ம தமிழ்நாட்டுல 1947லயே கடைகள் நிறுவனங்கள் சட்டம் வந்துருச்சு. நாலு மணி நேரம் வேலை பாத்தா ஒரு மணி நேரமாவது ஓய்வு விட்டே ஆகணும், அதுக்கு மேல தொடர்ந்து வேல வாங்கக் கூடாது. 2021ல உக்கார இருக்கை குடுக்கணும்னும் சேத்துட்டாங்க. இது எனக்கு அப்பத் தெரியாது, யாரும் சொல்லல. இப்ப அதே தெருக் கடைகள்ல வேல பாக்குற தங்கச்சிங்களப் பாத்தா மொத கேக்குறதே, "சாப்ட்டியாடி, உக்கார ஸ்டூல் போட்ருக்காங்களா?"