பரங்கிமலையில் 10 கிலோ அரிசி

"என்னப்பா, ஊருக்குக் கிளம்பிட்டியா?"

பரங்கிமலைப் படியில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்.

என் முதுகுப் பையில் 10 கிலோ பொன்னி அரிசி. மலையேற்றப் பயிற்சியாம்! மொத்த மலையே சுமார் 300 அடிதான். ஆறு தடவை ஏறி இறங்கினால் தொடை லேசாக முனகும்.

டேராடூனில் ஒரு வேலை கூப்பிடுகிறது. சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் 35 கிலோமீட்டரில் முசோரி, 6,500 அடி உயரத்தில். இங்கே சென்னையிலிருந்து மலையேற நாகலாபுரம் போகவே விடிகாலை 4 மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும். அதுவும் ஆந்திரா!

லாப நஷ்டக் கணக்கெல்லாம் எழுதியாயிற்று. குளிர்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வரும் பூநாரைகளை எந்தப் பக்கம் எழுதுவது என்பதில்தான் பேனா நிற்கிறது.

"இன்னும் முடிவு பண்ணல பாட்டி."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய மூட்டை?"