அப்பாவின் மண் சடக்கும் என் 40 மில்லிமீட்டர் டயரும்

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலணியைப் பார்த்தார். குதிகாலெல்லாம் செம்மண் அப்பியிருந்தது.

"எந்தத் தோட்டத்துக்குப் போயிட்டு வர?"

அவருக்கு வயது 81. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். செம்மண் என்றால் அவருக்குத் தோட்டம்தான்.

"தோட்டம் இல்லப்பா, ஃப்ரிம் காடு."

"காட்டுல எதுக்கு சைக்கிள்?"

இந்தக் கேள்விக்கு ஒரு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் சைக்கிளைப் பற்றி. நான் ஓட்டுவதைக் கடைக்காரர்கள் கிராவல் பைக் என்கிறார்கள். கைப்பிடி பந்தய சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும், டயர் அதைவிடத் தடிமனாக இருக்கும். தாரிலும் போகும், சரளையிலும் போகும். கடைக்காரத் தம்பி இதன் பெருமையை அரை மணி நேரம் விளக்கினான். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சொன்ன 'கிராவல் ரோடு' எங்கள் தோட்டத்தில் மண் சடக்குதான், மண் பாதை. பால் ஏற்ற லாரி போகும் வழி. அதில் அப்பா ஒரு கறுப்பு இரும்பு சைக்கிளில் பின்னால் பால் வாளியைக் கட்டிக்கொண்டு, கியர் என்று ஒன்று இல்லாமல், விடியுமுன்னே போய்க்கொண்டிருந்தார். நான் பாருக்கு அடியில் காலை நுழைத்து அரைப்பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதும் அந்த சைக்கிளில்தான். அப்போது யாரும் எங்களிடம் டயர் அகலத்தைப் பற்றிப் பேசவில்லை.

சரி, எதற்குக் காடு? இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோலாலம்பூர் பக்கம் கெப்போங் சாலை ஓரமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. ஓட்டியவர் நிறுத்தவில்லை. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டாலே தோள்பட்டை இறுகிவிடுகிறது. 53 வயதில் அந்தப் பயத்தோடு சண்டை போட எனக்குப் பொறுமை இல்லை. கார் இல்லாத இடமாகத் தேடினேன்.

கெப்போங்கில் குடியிருப்பவளுக்குத் தேட வேண்டிய தூரம் அதிகமில்லை. ஃப்ரிம் என்று எல்லோரும் கூப்பிடும் வன ஆராய்ச்சிக் கழகம் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் பச்சையாகத் தெரியும். பள்ளியில் படிக்கும்போது பேருந்தில் கூட்டிப்போய் மரத்தின் பெயர்ப் பலகைகளை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதற்கப்புறம் முப்பது வருஷம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இது தானாக முளைத்த காடு இல்லை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 1926-ல் ஃபாக்ஸ்வொர்த்தி என்ற வனவியல் அறிஞர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட நிலமும், காய்கறித் தோட்டங்களும், லாலான் புல்லும்தான் இருந்தன. 1929-ல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. மரம் மரமாக நட்டு வளர்த்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நூறு வருஷத்துக்குள் ஈயக் குழி மழைக்காடு ஆகியிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "நட்டவனுங்க பேரு போட்டிருக்கா?" என்று கேட்டார். அந்த வேலையில் நம் ஆட்களும் இருந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு.

வாசலிலிருந்து கொஞ்ச தூரம் தார்ச் சாலை. வார இறுதியில் கார்களும் வரும், மெதுவாக வரும். உள்ளே போகப் போகத் தார் முடிந்து செம்மண்ணும் சரளையும் தொடங்கும். ரோவர் டிராக் என்று பெயர் உள்ள வழியும் அப்படி ஒன்றுதான். அந்த இடத்தில் சத்தம் அறுந்துபோகும். சீவிடுப் பூச்சிகளின் இரைச்சல், டயருக்கு அடியில் சரளை நொறுங்கும் ஓசை, அவ்வளவுதான். நடப்பவர்களுக்கென்றே இருக்கும் குறுகிய தடங்களுக்குள் நான் சைக்கிளை விடுவதில்லை. எதிரே குடும்பமாக வருபவர்களைப் பார்த்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். மணி அடித்து ஒதுங்கச் சொல்பவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். காரோட்டிகள் நமக்குச் செய்ததை நாம் நடப்பவர்களுக்குச் செய்யலாமா?

கபூர் மரங்களுக்குக் கீழே கட்டாயம் நிற்பேன். அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாது. நடுவில் வானம் வெள்ளை வாய்க்காலாக ஓடும். இந்தக் கபூர்தான் நம் கற்பூரம். பொங்கலிலும் லட்டிலும் போடும் பச்சைக் கற்பூரம் ஒரு காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் வந்தது. அதைத் தேடித் தமிழ் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அந்தப் பக்கத்தில் லோபு துவா என்ற ஊரில் கிடைத்தது. நான் பட்டையை முகர்ந்து பார்த்தேன். கற்பூர வாசம் வந்ததா, நினைப்பில் வந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

காட்டுக்குள் ஓடுவது சுங்கை கெரோ. மலாயில் கெரோ என்றால் கலங்கல். ஆனால் இங்கே கல்லும் மணலும் தெரிகிற தெளிந்த தண்ணீர். வேலிக்கு வெளியே வந்ததும்தான் பெயருக்கு ஏற்றபடி மாறுகிறது. கெப்போங் வீடுகளுக்கு நடுவே சிமெண்டுக் கரை கட்டிய வாய்க்காலாகப் போய், வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் ஜின்ஜாங் குளத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. கோம்பாக் ஆற்றின் வெள்ளத்தை இதே மாதிரி 'பத்து' என்ற பெயருள்ள குளத்துக்குத் திருப்புகிறார்கள். நகரத்துக்குள் தண்ணீர் புகாமல் இருக்க இந்தக் குளங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும்.

எனக்கு உள்ள குறை இங்கேதான். ஆறு காட்டையும் குளத்தையும் சேர்க்கிறது. சைக்கிளால் சேர்க்க முடியவில்லை. ஆற்றோரத்தில் அங்கங்கே பராமரிப்பு வண்டி போகும் சரளைப் பாதை இருக்கிறது. ஆசையாக நுழைந்தால் இருநூறு மீட்டரில் பூட்டிய கம்பிக் கதவு, இல்லையென்றால் யாரோ கொட்டிய பழைய மெத்தை. இந்த ஊரில் காரில்லாத பாதை எல்லாமே துண்டு துண்டு. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக லாரிகளுக்கு நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அதனால் மைவி காரின் பின்சீட்டை மடித்து, முன் சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிறேன். காரிலிருந்து தப்பிக்கக் கார் வேண்டியிருக்கிறது. இதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கெப்போங் மெட்ரோபொலிட்டன் பூங்கா அப்படிப் போகும் இரண்டாவது துண்டு. இதன் ஏரியும் வெள்ளம் தேக்கத்தான். பட்டம் விடுபவர்கள் நிறைய வருவார்கள். சுற்றுப்பாதை சமதளம், நிழல் கம்மி, ஒன்பது மணிக்கு மேல் மண்டை வெந்துவிடும். ஓரத்துப் புல்லில் மிதிபட்டு மண்ணான தடத்தில்தான் ஓட்டுவேன். பட்ட நூலுக்கு மட்டும் கண்ணை விரித்து வையுங்கள், கழுத்து உயரத்தில் வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கே ஒரு மாதம் ஓட்டிவிட்டுக் காட்டுக்குப் போகலாம்.

காட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும், ரொம்பச் சீக்கிரமும் கூடாது. நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். மரத்துக்கு அடியில் ஏழரை வரைக்கும் வேர் கண்ணுக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் இடி மழை. ஆக ஏழரையிலிருந்து பத்து, அதுதான் நேரம். போன வாரம் ஓட்டியது 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதி ஒரே வழியைத் திரும்பத் திரும்பச் சுற்றியது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தூரமில்லை.

அப்பா காலணியைப் பார்த்த அந்த ஞாயிறுக்கு முந்தின இரவு மழை பெய்திருந்தது. காய்ந்த செம்மண் நல்ல பிள்ளை. நனைந்தால் அதன் மேல் சோப்பு தடவின மாதிரி. சரிவில் ஒரு வேரைப் பார்த்துவிட்டு முன் பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவே கூடாது என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி, நான் பெரணிச் செடிக்குள் உட்கார்ந்தேன். விழுந்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை. மேலே நடந்துவந்த ஒரு மலாய்ப் பெரியவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, "பெலான் பெலான், காக்" என்றார். மெதுவாப் போங்க அக்கா. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போதுதான் கணுக்காலில் அட்டை. உப்பு போட அப்பாவே எழுந்து வந்தார், அந்த வேலையில் அவருக்கு அனுபவம் உண்டு.

அட்டை விழுந்ததும் அவர் கவனம் சைக்கிளுக்குப் போனது. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"காத்தே இல்ல. அதான் விழுந்திருக்க."

காற்று குறைவாக இருந்தால்தான் சரளையில் டயர் மண்ணைக் கவ்வும், 40 மில்லிமீட்டர் டயருக்கு என் எடைக்கு 35 பிஎஸ்ஐ போதும், கல்லாக இறுக்கினால் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும் என்றெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டபடியே பம்பை எடுத்து வந்து முனையை மாட்டினார். தோட்டத்துச் சைக்கிளுக்கு அடித்த மாதிரி மூச்சு வாங்க வாங்க அடித்தார். மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்பப் போ" என்றார்.

அடுத்த ஞாயிறு கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போனதும், மாடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டேன்.