பேய் வீட்டு நாவலுக்கு முதலில் வீட்டைக் கட்டுங்கள்

பழைய மாளிகைக்குக் குடிவரும் கணவன் மனைவி, இரவில் காலடிச் சத்தம், பூட்டிய அறை. இப்படிப் பழைய வீடும் திகிலுமாக ஓடும் காத்திக் நாவல் எழுத உட்காருபவர்கள் பேயில் ஆரம்பித்துப் பாதியில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது எழுதுபவருக்கே தெரிந்திருக்காது. கதைக்களம் விக்டோரியா காலத்து இங்கிலாந்து என்றால் வீடே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வேலைக்காரரைக் கூப்பிடும் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு அறை இழுப்பதற்கு ஒரு பிடி. அதிலிருந்து கம்பி சுவருக்குள் ஓடி, மூலைதோறும் ஒரு சின்ன நெம்புகோலில் திரும்பி, சமையலறைப் பக்கம் வரிசையாகத் தொங்கும் மணிகளில் போய் முடியும். மணி சுருள்வில்லில் மாட்டியிருப்பதால், சத்தம் நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். எந்த அறையில் கூப்பிட்டார்கள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஆளே இல்லாத அறையின் மணி ஆடுவதை வேலைக்காரி பார்த்தால் போதும், தனியாகப் பேய் எதற்கு? 1834-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், கிரேட் பீலிங்ஸ் ஊரிலிருந்த ஒரு வீட்டில் பிப்ரவரி 2 முதல் மார்ச் 27 வரை மணிகள் தாமாகவே அடித்தன. வீட்டுக்காரர் மேஜர் எட்வர்ட் மூர், 1810-இல் இந்து தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. காரணம் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

மேலும் கீழும் நகரும் ஜன்னலும் நல்ல சரக்கு. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் எடைக்கட்டியின் கயிறு மட்கி அறுந்தால் சுவருக்குள்ளிருந்து 'தொம்' என்று கேட்கும். மறுநாள் காலையில் அந்த ஜன்னல் தூக்கின இடத்தில் நிற்காது. இந்தத் துப்பை வாசகர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். ஆனால் சத்தத்தை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தினால் குட்டு உடைந்துவிடும்.

தம்பதி விஷயத்துக்கு வருவோம். இருவரும் ஒரே அளவு பயந்தால் கதை நகராது. ஒருவரை மட்டும் பயமுறுத்த ஒரு நிஜச் சம்பவம் கைகொடுக்கும். 1921-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை ஆய்விதழில் வெளியிட்டார். 1912-இல் பழைய வீடொன்றுக்குக் குடிபோனவர்களுக்குத் தலைவலி, காலடிச் சத்தம், யாரோ பின்னால் நிற்பது போன்ற உணர்வு, செடிகள்கூட வாடின. வீட்டைச் சூடாக்கும் அடுப்பு பழுதாகி, புகைபோக்கி வழியே போகவேண்டிய வாயு வீட்டுக்குள் கசிந்திருந்தது. கார்பன் மோனாக்சைடு.

இதற்கு நெடி கிடையாது. 'விநோதமான வாடை' என்று எழுதிவிட்டால் எல்லாம் கெட்டது. வெளிக்காற்றில் நாலைந்து மணி நேரம் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். எனவே பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு வரும் கணவன் தெளிவாகவே இருப்பான். புகைபோக்கியில் ஜாக்டா காகம் கூடு கட்டி அடைத்துவிட்ட அறையில் நாள் முழுக்கக் கிடப்பவள் மனைவி. அவன் நம்பாதது வில்லத்தனம் அல்ல, அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போனால் அவளுக்குக் குணமாகிறது. உடனே மருத்துவர் 'நரம்புத் தளர்ச்சிதான்' என்று முத்திரை குத்துகிறார்.

அவள் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை என்ற கேள்விக்குக் கதையின் ஆண்டு பதில் சொல்லவேண்டும். மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்தது 1882-இல். அதற்குமுன், தனி ஏற்பாடு எழுதிவைக்காவிட்டால் அவள் கொண்டுவந்த ரொக்கம் கணவனுடையது, நிலமும் அவன் பிடியில். 1865 என்று வைத்தால் அவளிடம் ரயில் டிக்கெட்டுக்குக்கூடக் காசிருக்காது. 1890 என்று வைத்தால், வேறு வலுவான காரணம் ஒன்றை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.