படகின் வயிற்றில் ஊறிய ஃபோம்: பழுது பார்க்கும் நாட்குறிப்பு

பிப்ரவரி 4

படகை எடைமேடையில் ஏற்றினேன். ட்ரெய்லரைக் கழித்தால் 610 கிலோ. கட்டியவர்கள் கொடுத்த காகிதத்தில் 450 என்றிருக்கிறது. எஞ்சினைக் கழற்றியாயிற்று, சாமானும் எதுவும் இல்லை. அப்படியானால் 160 கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் இது ஓடியிருக்கிறது. பின்பக்கம் தாழ்ந்து போனதற்கும் வேகமெடுக்கத் திணறியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 7

நீர் நிரம்பினாலும் படகு மூழ்காமலிருக்கத் தளத்துக்கு அடியில் ஃபோம் அடைத்திருக்கிறார்கள். தளத்தின் பின்கோடியில் துளை போட்டு, அடியிலிருந்து ஒரு துண்டு ஃபோமை உருவினேன். விரலால் நசுக்கியதும் தண்ணீர் வழிந்தது. முன்பக்கத்தில் எடுத்த துண்டு காய்ந்த பொடியாக உதிர்ந்தது.

மூடிய குமிழ் ஃபோம் தண்ணீர் குடிக்காது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் எல்லாக் குமிழும் மூடியிருப்பதில்லை. வருஷக்கணக்கில் தேங்கிய நீரில் கிடந்தால் பாலியூரித்தேனின் மெல்லிய குமிழ்ச்சுவர்கள் வழியாகவும் ஈரம் உள்ளே போய்விடும். குளிர்ப் பிரதேசங்களில் அந்த நீர் உறைந்து விரிந்து குமிழ்களை உடைப்பதும் உண்டு. இந்தப் படகில் நீர் நுழைந்த வழி, இருக்கைகளைப் பொருத்திய திருகாணித் துளைகள். ஒன்றிலும் பசை இல்லை.

பிப்ரவரி 8

துளைகள் போட்டு வெயிலில் விட்டால் காய்ந்துவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். மேல்புறம் காயும், நடுவில் ஊறியது வெளியே வராது. தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 15

தளத்தை ஓரம் விட்டு அறுத்துத் தூக்கினேன். ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போடாமல் இதில் கை வைக்கவே கூடாது. ஃபோமை மண்வெட்டியாலும் கைரம்பத்தாலும் கட்டி கட்டியாகப் பெயர்த்தேன். ஈரத்தைவிட எனக்கு வேதனை தந்தது மரச்சட்டம்தான். நீளவாட்டில் ஓடும் சட்டங்களில் ஒன்று உளுத்து, திருப்புளி தடையில்லாமல் இறங்குகிறது. ஊறிய ஃபோம் மரத்தோடு ஒட்டியே கிடந்ததால் அதற்குக் காற்றுப் படவே இல்லை.

பிப்ரவரி 22

சட்டத்தை மாற்றி ரெசினும் ஃபைபர் பாயும் வைத்து மூடியாயிற்று. புதிதாக எவ்வளவு ஃபோம் வேண்டும் என்று இன்று கணக்கு.

கன மீட்டருக்கு 32 கிலோ எடையுள்ள ஃபோம், நன்னீரில் கன மீட்டருக்குச் சுமார் 968 கிலோவைத் தாங்கும். ஃபைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் மூழ்கியபின் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கினால் போதும்: 450 கிலோவுக்கு 150. எஞ்சின், பேட்டரிக்கு 120. பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கு இன்னொரு 100. மொத்தம் 370. அப்போ 0.4 கன மீட்டர் ஃபோம் போதும்.

அளவைவிட இடம் முக்கியம். ஃபோம் முழுவதும் அடியில் இருந்தால், நீர் நிரம்பிய படகை அது கீழிருந்து தள்ளிக் குப்புறக் கவிழ்த்துவிடும். அதனால் பெரும்பகுதியை இரு பக்கங்களிலும் மேல்விளிம்புக்குக் கீழே வைக்கிறேன். பின்பக்கம் எஞ்சினின் எடை இருப்பதால் அங்கே கொஞ்சம் கூடுதல். நடு அடிப்பகுதியில் முன்னிருந்து பின்வரை காலியாக ஒரு வாய்க்கால், அதன் முடிவில் தக்கை போட்ட வடிகால். எப்படியும் நீர் நுழையும். அது ஓட ஒரு வழி இருந்திருந்தால் அந்தச் சட்டம் உளுத்திருக்காது.

தெர்மோகோல் வேண்டாமென்று வைத்தேன். பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். பாலியெஸ்டர் ரெசினும் அதைத் தின்றுவிடும்.

மார்ச் 1

இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன். கிட்டத்தட்ட 30 மடங்கு பொங்குகிறது. ஒரேயடியாக ஊற்றினால் உள்ளே சூடேறி நடுப்பகுதி கருகும், தீப்பிடிக்கவும் செய்யும். பொங்கும் அழுத்தத்தில் படகின் சுவரும் புடைக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு அடுக்கு ஆறிய பிறகே அடுத்தது. காற்று வெளியேற மேலே துளைகள் விட்டேன். அந்தத் திரவங்களில் ஒன்றில் இருக்கும் ஐசோசயனேட்டின் ஆவிக்குச் சாதாரணத் துணி முகமூடி போதாது, அதற்கான சுவாசக் கவசமே வேண்டும். கதவுகளைத் திறந்து வைத்துத்தான் வேலை.

மார்ச் 9

புதுத் தளம் போட்டு, ஒவ்வொரு திருகாணித் துளையிலும் நீர் புகவிடாத படகுப் பசை அடைத்தபின் ஆழமில்லாத நீரில் சோதனை. எஞ்சின் எடைக்குப் பதில் மணல் மூட்டை கட்டி, தக்கையைப் பிடுங்கி, தளத்துக்கு மேலும் வாளியால் நீரை நிரப்பினேன். படகு விளிம்புவரை இறங்கிச் சமமாக நின்றது. ஒரு பக்கமாய் ஏறி அழுத்தினாலும் கவிழவில்லை. அவ்வளவு சந்தோஷம்!

கரையேற்றியதும் தண்ணீர் வடிகால் வழியே வேகமாக ஓடியது. வலப்பக்கச் சட்டத்தின் பின்னால் மட்டும் ஒரு குவளை அளவு தேங்கி நிற்கிறது. அந்தச் சட்டத்தின் அடித்துளை சிறியது. நாளை அதை அகலப்படுத்தி, வெட்டிய விளிம்புக்கு ரெசின் பூச வேண்டும்.