லிச்சி மரப்பட்டையில் ஒரு ராடுலா

மொரிஷியஸின் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில், பெத்ரெனிலிருந்து மக்கபே காட்டுக்குப் போகும் வழியில், மரப்பட்டைகளைப் போர்த்தியிருக்கும் பச்சைப் படலத்தைப் பாசி என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவோம். அதற்குள் மாஸ், லிவர்வொர்ட் என்று பூக்காத சிறு செடிகளின் இரு வகைகள் உண்டு. அவற்றில் இலையுள்ள லிவர்வொர்ட்டுகளைப் பிரித்தறியப் பழகுவதே இப்போது என் முயற்சி. ராடுலா அவற்றில் ஒரு பேரினம்.

மாஸிலிருந்து லிவர்வொர்ட்டைப் பிரிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். மாஸின் இலைகள் பெரும்பாலும் தண்டைச் சுற்றிலும் அமைந்து, பலவற்றில் நடுநரம்புடன் இருக்கும். இலையுள்ள லிவர்வொர்ட்டிலோ நடுநரம்பு இல்லாத இலைகள் இருபுறமும் இரு வரிசையாகத் தட்டையாக விரிந்திருக்கும். பல பேரினங்களில் தண்டின் அடிப்புறத்தில் சிறிய இலைகளின் மூன்றாம் வரிசையும் உண்டு. அடையாளம் காண உதவும் செய்திகளில் பாதி இந்த அடிப்புறத்தில்தான் இருக்கிறது. ஆனால் செடியைப் பெயர்க்காமல் அதைப் பார்க்க முடியாது. 1994இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவில் அனுமதியின்றிச் செடிகளை எடுப்பது முறையன்று என்பதால், அங்கே லென்ஸால் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, கியூர்பிப்பில் எங்கள் வீட்டு லிச்சி மரத்தின் பட்டையிலிருந்து ஒரு சிறு துணுக்கை மட்டும் எடுத்துவந்தேன்.

அதைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடித் தகட்டில் குப்புறப் போட்டபோது, ஒவ்வோர் இலையின் கீழோரமும் வெற்றிலை ஓரத்தை உள்ளே மடித்ததுபோல ஒரு சிறு மடலாக மடங்கியிருந்தது. அடியிலைகள் எங்கும் இல்லை. பட்டையைப் பற்றிக்கொள்ளும் வேரிழைகள் தண்டிலிருந்து அல்ல, அந்த மடலிலிருந்தே கொத்தாகக் கிளம்பின. இவை சேர்ந்து வந்தால் அது ராடுலா. ஃபுருலானியா என்ற வேறொரு பேரினமாக இருந்திருந்தால் மடல் தலைக்கவசம் போன்ற நீர்ப்பையாகி, அடியிலைகளும் தெரிந்திருக்கும். லெஜூனியாவிலும் பெரும்பாலும் நுனி பிளந்த அடியிலைகள் உண்டு. கோலோலெஜூனியாவில் அவை இல்லை என்பதால், அடியிலை இல்லாததை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது, வேரிழை கிளம்பும் இடத்தையும் பார்த்தாக வேண்டும்.

துணுக்கு பச்சையாக இருக்கும்போதே நுண்ணோக்கியில் நானூறு மடங்குக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். செல்லுக்குள் இருக்கும் எண்ணெய் உடலங்கள் உலர்ந்தால் சிதைந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. பெரும்பாலான செல்களில் இளம்பழுப்பான, மணல்மணியாகத் தோன்றும் பெரிய உடலம் ஒன்றோ இரண்டோ இருந்தது. ராடுலாவுக்கு உரிய இந்த அடையாளத்தைக் கண்டபின் பேரினத்தைப் பற்றிய ஐயம் தீர்ந்தது. எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

இனத்தின் பெயரைச் சொல்ல இது போதாது. மடலின் வடிவம், இலை விளிம்பில் ஜெம்மாக்கள் (உதிர்ந்து புதுச் செடியாக வளரும் நுண்துணுக்குகள்) உண்டா என்பது, ஆண், பெண் உறுப்புகள் ஒரே செடியிலா தனித்தனிச் செடிகளிலா என்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். என் துணுக்கில் ஜெம்மாக்களும் இல்லை, பெண் உறுப்பைச் சூழும் உறையான, தட்டையான வாயுடைய பெரியாந்தும் இல்லை. ஆகவே, காகித உறையில் மரத்தின் பெயர், பட்டையின் உயரம், தேதி ஆகியவற்றோடு ‘ராடுலா, இனம் நிச்சயிக்கப்படவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மழைக்குப் பின் அதே பட்டையில் பெரியாந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.