குழந்தைகள் பிரிவைப் பெயர்த்துக்கொண்டு போன கதை

எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் வெளிநோயாளர் பிரிவைச் சமுதாய சுகாதார நிலையத்துக்கு மாற்றுவது என்று முடிவானபோது, கூட்டத்தில் எல்லோரும் கட்டட வரைபடத்தின் மேல்தான் கவிழ்ந்து கிடந்தார்கள். எந்த அறை யாருக்கு, நாற்காலிகள் போதுமா, பெயர்ப்பலகை எந்தப் பக்கம். தடுப்பூசி அறைக்குப் பொறுப்பான செவிலியர் என்ற முறையில் நான் கேட்டது ஒன்றுதான்: குளிர்பதனப் பெட்டிக்குத் தனி மின் இணைப்பு உண்டா? யாரும் நிமிரவில்லை. இரண்டாம் முறை குரலை உயர்த்திக் கேட்ட பிறகுதான் குறித்துக்கொண்டார்கள்.

தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும். சூடு பட்டால் கெட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெட்டுப்போகும் என்பதுதான் பலருக்குப் புதிய செய்தி. ஹெபடைடிஸ் பி, முத்தடுப்பு ஊசி போன்ற, அலுமினிய உப்பு சேர்ந்த மருந்துகள் ஒரு முறை உறைந்து உருகினால் அவற்றை நம்ப முடியாது. போலியோ சொட்டு மருந்தின் கதை நேர்மாறு: அது உறைவதைத் தாங்கும், வெப்பத்தைத் தாங்காது. அதனால்தான் அதன் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். வெப்பம் ஏற ஏறச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும்.

இடம் மாறிய அன்று ஐஸ் கட்டிப் பைகளை உறைபெட்டியிலிருந்து எடுத்து மேசை மேல் பரப்பி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். எடுத்த எடுப்பில் மருந்துப் பெட்டிக்குள் அடுக்கினால் பக்கத்தில் இருக்கும் குப்பிகள் உறைந்துவிடும். பையைக் காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதுவரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். லாரிக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். "ஐஸ் உருகுவதற்காகவா காத்திருக்கிறீர்கள், சிஸ்டர்?" ஆமாம், அதற்காகத்தான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

தராசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளை எடை பார்க்கும் தராசு லாரியில் குலுங்கி வந்தால் அதை அப்படியே நம்பக்கூடாது. சமதளத்தில் வைத்து, எடை தெரிந்த படிக்கல்லை ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். புதிய அறையில் தரை லேசாகச் சரிந்திருந்தது. தராசு காட்டிய வித்தியாசம் சிறியதுதான். ஆனால் கைக்குழந்தையின் வளர்ச்சி அட்டையில் அந்தச் சிறு வித்தியாசம் கோட்டைக் கீழே இறக்கிவிடும். பால் போதவில்லையோ என்று ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருப்பாள். தச்சரை அழைத்துப் பலகை போட்ட பிறகே வேலையைத் தொடங்கினோம்.

பெரிய சண்டை நடந்தது செவித்திறன் பரிசோதனை அறைக்காக. வரைபடத்தில் அது ஜெனரேட்டருக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. பரிசோதனையில் குழந்தைக்கு மிக மெல்லிய ஒலிகளைக் கேட்கவைத்துக் கை தூக்கச் சொல்வோம். இயந்திரத்தின் தாழ்ந்த இரைச்சல் இருந்தால் முதலில் அடிபடுவது 500 ஹெர்ட்ஸ் போன்ற தாழ் ஒலிகள். குழந்தை கை தூக்காது. காதில் குறை என்று தாளில் ஏறிவிடும். பின்கோடியில் இருந்த அமைதியான அறையைப் பழைய கோப்புகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கோப்புகளுக்கு எதற்கு அமைதி? பேச்சுப் பயிற்சியாளரும் நானும் மாறி மாறி எழுதிக் கொடுத்து அந்த அறையை வாங்கினோம். கோப்புகள் இப்போது ஜெனரேட்டர் பக்கத்தில் சௌக்கியமாக இருக்கின்றன.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். வீட்டுக்கு அருகில் வந்துவிட்டோம், அது போதாதா என்பது அவர் எண்ணம். போதாது. எடைக்கு இங்கே, காதுக்கு அங்கே, ஊசிக்கு இன்னொரு நாள் என்று அலையவிட்டால் பக்கத்தில் வந்ததால் யாருக்கு என்ன லாபம்? 1950களில் நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் டேவிட் மோர்லி என்ற மருத்துவர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கிளினிக்கை நடத்தியபோது இதைத்தான் செய்து காட்டினார். காய்ச்சலுக்கு வந்த குழந்தையையும் எடை பார்த்து, அட்டையில் குறித்து, விட்டுப்போன தடுப்பூசியையும் போட்டு அனுப்புவது. 1978இல் அல்மா-அட்டாவில் ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றி உலக நாடுகள் கூடிப் பிரகடனம் வெளியிட்டதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது இது. லேசான சளிக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஆனாலும் "உடம்பு சரியானதும் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. திருப்பி அனுப்பிய குழந்தை மறுபடி வரும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைப்பதற்கில்லை. எல்லாக் குழந்தைகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் நோயும் பகிரப்படும். தட்டம்மைக் கிருமி, நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கக்கூடும். முதல் தட்டம்மை ஊசிக்கு வயது வராத கைக்குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. பழைய கட்டடத்தில் இதற்கு வழியே இல்லை. இங்கே இரண்டு வாசல்கள் இருப்பதால், காய்ச்சலும் தடிப்பும் உள்ள குழந்தைகள் பக்கவாட்டு வாசலில் நுழைந்து நேராகத் தனி அறைக்குப் போகிறார்கள். ஊசியும் தராசும் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகின்றன. எங்களுக்கு நடை அதிகம், அவ்வளவுதான்.

பெற்றோர் எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொன்னால் பொய். "பெரிய மருத்துவமனை என்றால் பெரிய டாக்டர் பார்ப்பாரே" என்று ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்டார். பார்க்கப்போவது அதே டாக்டர்தான் என்று அவர் அறை வாசல்வரை அழைத்துப் போய்க் காட்டினேன். டாக்டரைப் பார்த்ததும் பாட்டி, "இவரையுமா இங்கே தள்ளிவிட்டார்கள்?" என்றார்.

இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் இன்னும் பழைய கட்டடத்துக்கே அனுப்புகிறோம். மாதிரியை இங்கேயே எடுத்துவிடலாம், குழந்தைக்குப் பதில் குழாய் போய் வரட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆய்வகம் சம்மதித்துவிட்டது. குழாய்களை எடுத்துப் போக வண்டி யார் கணக்கில் என்பதில் இரண்டு அலுவலகங்களுக்கிடையே கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.